சிலந்திப் பெண்ணின் தீர்ப்பு

2021ஆம் ஆண்டு ரஷ்யாவிலிருந்து வெளிவரும் 'ஆர்த்ரோபோடா செலக்டா' என்ற ஆய்விதழில், மகாராஷ்டிரத்தின் இரண்டு புதிய தாவும் சிலந்திகளை விவரிக்கும் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்களில் ராஜேஷ் சனப், அனுராதா ஜோக்லேகர், ஜான் காலேப் ஆகியோர் உண்டு. காலேப் சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்துத் தாவும் சிலந்திகளை ஆராய்ந்தவர். புதிய சிலந்திகளில் ஒன்றுக்கு ஃபின்டெல்லா சோல்கேயி என்று பெயர். தாணே–கல்யாண் வட்டாரத்தில் கிடைத்த மற்றொன்றுக்கு ஐசியஸ் துக்காராமி என்று பெயரிட்டார்கள். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலின்போது கிர்காவ் சௌபாட்டியில் பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பற்றிக்கொண்டு, தோட்டாக்களை உடலில் வாங்கி, அவனை உயிரோடு பிடிக்கக் காரணமாக இருந்த காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக வைத்த பெயர் அது. மரணத்துக்குப் பின் அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. ஒரு நகரம் தன் வீரனின் பெயரைச் சாலைக்கும் சிலைக்கும் வைப்பதோடு நில்லாமல், விரல் நகத்தில் அடங்கிவிடும் உயிர் ஒன்றுக்கும் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கல்யாண் என்றால் மும்பைத் தமிழர்களான நம்மவர்களுக்கு முதலில் ரயில்தான் நினைவுக்கு வரும். 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேக்கு ஓடிய முதல் ரயில்பாதை, அடுத்த ஆண்டே கல்யாண் வரை நீண்டது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியாக நாசிக்குக்கும், மற்றது கர்ஜத் வழியாகப் புனேவுக்கும் போகிறது. தாராவியில் இடம் போதாமலும் மாட்டுங்காவில் வாடகை கட்டுப்படியாகாமலும் கிழக்கே நகர்ந்துவந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. ஒரு பக்கம் உல்லாஸ் ஆறும் கழிமுகமும், தெற்கே மலங்காட் குன்று. நடுவில் மிச்சமிருக்கும் புதரும் புல்வெளியும் அடுக்குமாடிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. அறிவியலுக்குப் புதிதான உயிர் என்றால் அமேசான் காட்டையோ ஆனைமலையையோ நினைத்துக்கொள்ளும் நாம், மின்சார ரயில் இரைச்சல் கேட்கும் தொலைவிலும் அது இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

நான் இங்கே எழுத வந்தது பெயரைப் பற்றி அல்ல. புதிய இனம் என்று எதை வைத்துத் தீர்மானித்தார்கள் என்பதைப் பற்றி.

சிலந்தியின் நிறத்தையும் கோடுகளையும் மட்டும் நம்பி இனம் பிரிக்க முடியாது. வளர வளர நிறம் மாறும். சாராயத்தில் ஊறினால் வெளுத்துவிடும். ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது இணைசேரும் உறுப்புகளைத்தான். ஆண் சிலந்தியின் வாய்க்கு இரு பக்கமும் குட்டைக் கால் போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உணர்கால்கள் உண்டு. ஆணின் உடலில் விந்து உருவாவது வயிற்றில். அங்கிருந்து பெண்ணின் உடலுக்கு நேர்வழி கிடையாது. ஆண் ஒரு சிறு வலைத்துண்டு நெய்து, அதன்மேல் ஒரு துளி விந்தை விட்டு, அதை உணர்கால் நுனியிலுள்ள குமிழுக்குள் உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும். பிறகுதான் பெண்ணைத் தேடிப் புறப்படும். அந்தக் குமிழில் கொக்கிகள், முட்கள், சுருண்ட ஊசிக்குழல், சின்னச் சின்னத் தட்டுகள் என்று என்னென்னவோ இருக்கின்றன. பெண்ணின் வயிற்றடியில் அதை வாங்கிக்கொள்ளும் துளைகளும், உள்ளே வளைந்து செல்லும் குழாய்களும், விந்தைச் சேமித்துவைக்கும் பைகளும் உண்டு. இவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் வேறு. உடம்பின் மற்ற பாகமெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிற இரண்டு இனங்களில்கூட இந்த உறுப்பு மட்டும் கூசாமல் வேறுபட்டு நிற்கும். சிலந்திகளுக்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் நிற்கின்றன.

விந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சாதாரணக் குழல் போதாதா? இவ்வளவு வேலைப்பாடு எதற்கு?

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லியோன் துஃபூர் சொன்ன விடை, பூட்டும் சாவியும். ஓர் இனத்துச் சாவி இன்னோர் இனத்துப் பூட்டில் நுழையாது. அதனால் இனக்கலப்பு நேராது. நூறாண்டுக்கும் மேலாக இதுவே போதுமான விடையாகக் கொள்ளப்பட்டது. 1985இல் வில்லியம் எபர்ஹார்டு அதை உலுக்கினார். மத்திய அமெரிக்காவில், பனாமாவின் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்திலும் கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்திலுமாகச் சிலந்திகளோடும் பூச்சிகளோடும் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். குழம்பிப்போக நெருங்கிய உறவினமே இல்லாத தீவுகளில் வாழும் உயிர்களுக்கும் ஏன் இவ்வளவு சிக்கலான உறுப்புகள் என்று கேட்டார். பெண் பல ஆண்களோடு சேரும் இனங்களில் இந்தச் சிக்கல் கூடுவதைக் காட்டினார். சிலந்தியின் உணர்காலுக்கும் விந்து உருவாகும் இடத்துக்கும் உடற்கூறில் தொடர்பே இல்லை. ஆனாலும் அந்தக் கால் விந்தைச் சுமக்கும் வேலைக்கு வந்தபின் அதுவும் அலங்காரமாக வளர்ந்துவிட்டதே என்றார். அவர் முன்வைத்த காரணம், பெண்ணின் தேர்வு. அந்தத் தேர்வு இணைசேர்வதோடு முடிவதில்லை. சேர்ந்த பிறகும் யாருடைய விந்தை வைத்துக்கொள்வது, யாருடையதை வெளியே தள்ளுவது, எப்போது முட்டையிடுவது என்பதெல்லாம் பெண்ணின் உடலுக்குள் தீர்மானமாகின்றன. ஆணின் உறுப்பு, பெண்ணை உள்ளிருந்து இணங்கவைக்க முயலும் ஒருவகைக் காதல்மொழி. 1996இல் இந்த மறைமுகத் தேர்வுக்கென்றே அவர் ஒரு தனிப் பெரிய நூல் எழுதினார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. எபர்ஹார்டு சொல்வது சரியென்றால், வகைப்பாட்டு ஆய்வாளர் நுண்ணோக்கியில் அளந்து வரைவது, கண்ணுக்கெட்டாத காலமாகத் தலைமுறை தலைமுறையாகப் பெண் சிலந்திகள் எடுத்த முடிவுகளின் தடயம். நாம் ஓர் இனத்துக்குப் பெயர் வைப்பது அவை ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லி முடித்த இடத்தில்.

பெண்ணின் தேர்வுக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள அறிவுலகம் எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சநஞ்சமல்ல. டார்வின் 1859லேயே இதைத் தொட்டிருந்தாலும் 1871இல் மனித குலத்தின் தோற்றம் பற்றிய நூலில்தான் விரிவாக எழுதினார். மயில்தோகை, பறவைப் பாட்டு, வண்டின் கொம்பு என்று உயிர்வாழ்வதற்கு இடைஞ்சலாக இருப்பவையும் நிலைத்திருப்பது எப்படி? எதிரியை வென்று இணையைப் பெறுவது ஒரு வழி. இணையாகப் போகிறவளைக் கவர்வது மற்றொரு வழி என்றார். முதல் வழியை எல்லோரும் ஏற்றார்கள். ஆணும் ஆணும் மோதுவதை நம்ப யாருக்கும் சிரமமில்லை. இரண்டாவதில்தான் சிக்கல். இயற்கைத் தேர்வைத் தானாகவே கண்டடைந்த வாலஸே மறுத்தார். பெண் விலங்குக்கு அழகைப் பார்த்து முடிவெடுக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும்? ஆணின் பளிச்சென்ற நிறம் அதன் மிதமிஞ்சிய உயிர்த்துடிப்பின் வெளிப்பாடு, அவ்வளவே என்பது அவர் வாதம். முல்லைக்கலியில் ஏறு தழுவுகிறவனைப் பார்த்து மனம் வைக்கும் ஆயர்மகளைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த மறுப்பு விநோதமாகத் தோன்றலாம். விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வாதத்துக்கு நடுவில் தாவும் சிலந்தியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் இருந்த ஒரு தம்பதி. ஜார்ஜ் பெக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகவும் பிறகு பொது நூலகத்தின் தலைவராகவும் ஆனவர். எலிசபெத் அவருடைய ஆய்வில் சரிபாதி. 1889இல் தாவும் சிலந்திகளின் பாலியல் தேர்வு பற்றி இருவரும் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார்கள். பெட்டிகளுக்குள் ஆணையும் பெண்ணையும் விட்டு, பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதியது. ஓர் ஆண் முன்னங்கால்களைத் தூக்கி இடவலமாக நடக்கிறது. இன்னொன்று வயிற்றைச் சாய்த்துக் காட்டுகிறது. வேறொன்று வட்டமிட்டுச் சுழல்கிறது. தன் உடலில் எந்த இடத்தில் நிறம் அழகாக இருக்கிறதோ அந்த இடம் பெண்ணின் பார்வைக்கு நேராக வரும்படி ஒவ்வொரு ஆணும் நின்று ஆடுவதை அவர்கள் கவனித்தார்கள். வெறும் உயிர்த்துடிப்பு மிகுதியால் வந்த நிறமென்றால், அதை எதிரே இருப்பவளின் கண்ணுக்கு நேராகத் திருப்பிக் காட்டுவானேன்? வாலஸுக்கு எதிராக டார்வின் பக்கம் நின்று அவர்கள் வைத்த வாதங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான். பெண்கள் பலமுறை மறுத்ததையும் பாய்ந்து விரட்டியதையும் எழுதிவைத்தார்கள்.

அவர்கள் தேர்ந்துகொண்ட உயிர் இந்தக் கேள்விக்கு மிகப் பொருத்தமானது. தாவும் சிலந்தி வலைகட்டிக் காத்திருக்காது. பார்த்துப் பாய்ந்து வேட்டையாடும். எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் எந்தப் பூச்சியின் கண்ணையும்விடக் கூர்மையானவை. அவற்றின் வில்லை அசையாது. பின்னாலுள்ள விழித்திரையைத் தசைகள் இழுத்து நகர்த்துகின்றன. பார்க்கும் பொருளின் மேல் அந்த விழித்திரை மெல்ல மேய்கிறது. 1960களில் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர் மைக்கேல் லாண்ட். வீட்டுச் சுவரில் திரியும் தாவும் சிலந்தி ஒன்றின் பக்கம் விரலைக் கொண்டுபோனால் அது முகத்தைத் திருப்பி உங்களைப் பார்க்கும். பூச்சி உலகத்தில் பழகிய நமக்கு இப்படிப் பார்க்கப்படுவது புதிய அனுபவம். குழந்தைகள் இதைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுகொள்கிறார்கள்.

அந்தக் கண்களுக்குத் தெரிவது நமக்குத் தெரிவது அல்ல. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மத்தேயு லிம், தாய்சின் லி இருவரும் லாண்டோடு சேர்ந்து 2007இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காஸ்மோஃபேசிஸ் அம்ப்ராட்டிக்கா என்ற தாவும் சிலந்தியில் ஆணின் உடல் புறஊதா ஒளியை எதிரொளிக்கிறது. பெண்ணின் உணர்கால்களோ அதே ஒளியை வாங்கிப் பச்சையாக மிளிர்கின்றன. புறஊதா ஒளியைத் தடுத்துவிட்டால் இருபாலாரும் ஒருவரையொருவர் பொருட்படுத்துவது குறைந்துபோகிறது. அடுத்த ஆண்டில் ஃபின்டெல்லா விட்டாட்டா என்ற இனத்தில் இன்னும் விநோதமான ஒன்று தெரியவந்தது. சூரிய ஒளியில் தோலைப் பொசுக்கும் புறஊதா-பி கதிரை அந்த ஆண்கள் எதிரொளிக்கின்றன. பெண்கள் அதைக் கண்டு அவற்றையே விரும்புகின்றன. அந்தக் கதிரை எந்த விலங்காவது தகவல் சொல்லப் பயன்படுத்தும் என்று அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஃபின்டெல்லா விட்டாட்டா நம் நாட்டுத் தோட்டங்களிலும் சாதாரணமாகத் தென்படும் சிலந்தி. மேலே சொன்ன ஃபின்டெல்லா சோல்கேயியின் நெருங்கிய உறவு. ஆக, மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் இலை ஒன்றின் மேல் நடக்கும் இந்தப் பேச்சு நம் கண்முன்னாலேயே நடந்தாலும் நமக்குத் தெரியாது. காதுக்கும் அப்படியே. டேமியன் இலையாஸ் ஆய்ந்த அமெரிக்க ஹாப்ரோநாட்டஸ் சிலந்திகளில், ஆடும் ஆண் தரையில் அதிர்வுகளையும் அனுப்புகிறது. அந்த அதிர்வை ஆய்வாளர்கள் நிறுத்திவிட்டபோது அதே ஆட்டத்துக்குப் பெண்ணின் சம்மதம் குறைந்துபோனது.

தமிழில் சிலந்திக் காதலைப் பற்றி எழுதினால் பெண் ஆணைத் தின்றுவிடும் என்ற ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது. அரக்கி கதை போலச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கதையின் உள்ளே இருப்பதைப் பார்க்க, மெய்டியான் ஆண்ட்ராடே 1996இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் படிக்க வேண்டும். ஜமைக்காவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் உயிரியலாளர் அவர். ஆஸ்திரேலியாவின் செம்முதுகுச் சிலந்தியில் ஆணின் எடை பெண்ணின் எடையில் ஓரிரு விழுக்காடுதான். இணைசேரும்போது அந்த ஆண் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தன் வயிற்றைப் பெண்ணின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைக்கிறது. பத்தில் ஆறேழு தடவை பெண் தின்றுவிடுகிறது. பெண் பிடித்துத் தின்கிறது என்பதைவிட ஆண் தன்னைக் கொடுக்கிறது என்பதே பொருந்தும். ஏன்? தின்னப்படும் ஆண் கூடுதல் நேரம் இணைந்திருக்கிறது. தப்பிய ஆணைவிட ஏறக்குறைய இரு மடங்கு முட்டைகளுக்குத் தந்தையாகிறது. முதல் ஆணைத் தின்ற பெண் அடுத்து வருகிறவனை மறுப்பதும் அதிகம். இதோடு இன்னொரு கணக்கையும் அவர் பின்னாளில் சேர்த்தார். பெண்ணைத் தேடிப் புறப்படும் ஆண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் வழியிலேயே செத்துப்போகின்றன. ஒருமுறை சேர்ந்த ஆணுக்கு இன்னொரு வாய்ப்பு வருவது அரிது. வரப்போகாத எதிர்காலத்துக்காக உயிரைக் காப்பாற்றி என்ன செய்வது? கொடூரம், தியாகம் என்ற நம் சொற்கள் இரண்டும் இந்த இடத்தில் செயலற்றுப்போகின்றன. ஆண்ட்ராடே அந்தச் சொற்களைத் தள்ளிவைத்துவிட்டு எண்ணிப் பார்த்தார். அறிவியலில் நான் மதிக்கும் நேர்மை இதுதான்.

பெண் தேர்ந்தெடுக்கிறது என்று ஒப்புக்கொண்டதும், அந்தத் தேர்வு தவறாது என்று நினைக்கத் தோன்றும். அதற்கு மறுப்பு நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துப் புதர்வெளியில் கிடைத்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் பல்லாண்டுகளாகப் பூச்சிகளின் ஒலியை ஆராய்ந்துவருகிறார். அவருடைய குழுவினர் கவனித்தது ஈகாந்தஸ் ஹென்றியை. சுவர்க்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த, செடிகளில் வாழும் மெல்லிய பச்சைப் பூச்சி அது. இருட்டியதும் ஆண் தன் இறக்கைகளை உரசிப் பாடும். பெண் ஒலியைக் கேட்டு நடந்துவரும். உரக்கப் பாடுகிற ஆணைத்தான் பெண்ணுக்குப் பிடிக்கும். பெரிய உடம்புக்காரனே உரக்கப் பாடுவான். சின்னவன் என்ன செய்வான்?

ஒரு பெரிய இலையைத் தேர்ந்து, அதன் நடுவில் தன் இறக்கை அளவுக்கு ஒரு துளையைக் கடித்து, தலையையும் முன்னுடலையும் அதற்குள் நுழைத்து, இறக்கைகளை இலையோடு ஒட்டவைத்துப் பாடுகிறான். சிறிய இறக்கையின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் கிளம்பும் ஒலிகள் அதன் ஓரத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இலை குறுக்கே நிற்பதால் அந்த அழிவு நடப்பதில்லை. ஒலி இரண்டு மூன்று மடங்காகிறது. தென்னாப்பிரிக்காவின் வேறோர் இனத்தில் இந்தப் பழக்கத்தை 1975லேயே கண்டிருந்தார்கள். துளை எவ்வளவு இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்பதில் இந்தப் பூச்சி ஏறக்குறையத் தவறுவதேயில்லை என்று நடாஷா மாத்ரேயும் குழுவினரும் 2017இல் காட்டினார்கள். ஆனால் காட்டில் இப்படிச் செய்யும் ஆண்கள் நூற்றில் ஐந்தாறுதான். யார் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு ரித்திக் தேப், மொடக், பாலகிருஷ்ணன் மூவரும் 2020இல் விடை சொன்னார்கள். சிறிய, மெல்லக் குரலெழுப்பும் ஆண்களே இதைச் செய்கின்றன. செய்தால் பெரிய ஆண்களுக்குக் கிடைக்கும் அளவுக்குப் பெண்கள் வருகின்றன. பெரிய ஆணோடு இருப்பது போலவே கூடுதல் நேரம் இணைந்தும் இருக்கின்றன. இங்கே பெண் ஏமாறுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பாலியல் தேர்வை 'சிறந்தது வெல்லும்' என்று சுருக்கிப் பேசுகிறவர்கள் இந்தச் சின்ன உடம்புக்காரனுக்கு விடை சொல்லட்டும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு, அது ஆய்வாளர்களுடையது. 1948இல் பேட்மன் பழ ஈக்களை வைத்துச் செய்த சோதனை, ஆணுக்குத்தான் பல துணைகளால் லாபம், பெண்ணுக்கு இல்லை என்ற முடிவுக்கு அடித்தளமாக நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. 2012இல் பாட்ரிசியா கோவாட்டியும் உடன் பணியாற்றியோரும் அதை அப்படியே மறுபடி செய்து பார்த்தார்கள். பெற்றோரை அடையாளம் காண வைத்திருந்த மரபுக் குறிகளே சந்ததிகளில் பலவற்றைக் கொன்றுவிட்டதால் கணக்கு தொடக்கத்திலேயே கோணலாகிவிட்டிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் திரும்பச் செய்து பார்க்கவில்லை. விடை பழகிய நம்பிக்கைக்கு ஒத்துப்போனது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, விலங்குகளின் இணையுறுப்புப் பரிணாமம் பற்றிய ஆய்வுக்கட்டுரைகளை அடுக்கிவைத்து எண்ணியது. ஏறக்குறையப் பாதி ஆணின் உறுப்பை மட்டும் பார்த்தவை. பெண்ணின் உறுப்பை மட்டும் பார்த்தவை 8 விழுக்காடு. பெண்ணின் தேர்வு பற்றியே பேசும் துறையில் பெண்ணை இவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறார்கள். ஆணின் குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, வரைவது சுலபம். பெண்ணின் குழாய்களைப் பார்க்க உடலைத் திறந்து தெளியவைக்க வேண்டும். சிரமம்தான். அந்தச் சிரமத்தைப் படாததன் விலையை அறிவு கொடுக்கிறது.

சிலந்தியிலிருந்து மனிதருக்குத் தாவி, ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று தீர்ப்பெழுதும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். டார்வினே தன் காலத்துப் பெண்களைப் பற்றிச் சில மோசமான வரிகளை அதே நூலில் எழுதிவிட்டார். செம்முதுகுச் சிலந்தியும் ஈகாந்தஸும் நமக்கு முன்மாதிரிகளும் அல்ல, எச்சரிக்கைகளும் அல்ல. அவை தம் வழியில் வாழ்கின்றன. அவற்றை அவற்றின் பொருட்டே அறிந்துகொள்வது போதுமான காரணம்.

இனி கல்யாணுக்கு. ஐசியஸ் துக்காராமிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆரே காலனியின் புல்வெளிகளிலும் மும்பையைச் சுற்றிய குன்றுகளிலும் சனப்பும் அவருடைய நண்பர்களும் தேடியதால், இந்த நூற்றாண்டில் மட்டும் இந்நகரத்திலிருந்து பல புதிய தாவும் சிலந்திகள் அறிவியலுக்குத் தெரியவந்திருக்கின்றன. அவர்களில் பலர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் அல்லர். ஓய்வு நேரத்தில் புதர்களுக்கிடையே குனிந்து நடப்பவர்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பெயர் வைப்பது முதல் படி. அந்தச் சிலந்தி எப்படி ஆடுகிறது, எந்த ஒளியில் ஆடுகிறது, பெண் எப்போது திரும்பிப் போகிறது, எப்போது நிற்கிறது என்பவை அடுத்த படி. சாராயக் குப்பியில் இருக்கும் உடலிலிருந்து இவை எதையும் அறிய முடியாது. உயிரோடு, அது வாழும் இடத்தில் பார்த்தாக வேண்டும். அந்த இடமோ ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட்டாகிறது. புதரென்றால் வெற்றிடம் என்று நினைக்கும் நகராட்சிக்கும் கட்டுமான முதலாளிக்கும் யாராவது மறுத்துச் சொல்ல வேண்டும். மறுத்துச் சொல்ல, அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பெக்கம் தம்பதியிடம் பெட்டிகளும் பொறுமையும்தான் இருந்தன. இன்று கைப்பேசியின் கேமராவே அவர்களுடைய கண்ணாடிவில்லையைவிட நன்றாகப் படம்பிடிக்கும். தாராவிக்கு அடுத்தாற்போல, குப்பைமேடாக இருந்த இடத்தில் மரம் வளர்த்து 1994இல் திறந்த மாகிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. தாராவியின் தமிழ்ப் பிள்ளைகள் நடந்தே போய்விடலாம். செம்பூர், மாட்டுங்காப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள், வீட்டுச் சுவரில் திரியும் சாம்பல்நிறத் தாவும் சிலந்தியிலிருந்தே தொடங்கலாம். அதற்கு அனுமதிக் கடிதம்கூட வேண்டாம். டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என்று இந்தப் பாதையில் குடியிருக்கும் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மலங்காட் அடிவாரம்வரை ஒரு நடை போய்வரலாம்.

போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிலந்தியைப் பிடித்துக் குப்பியில் அடைக்காதீர்கள். பார்த்ததை நாள், இடம், நேரத்தோடு எழுதிவையுங்கள். ஆண் எப்படி ஆடியது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதிரே நின்ற பெண் என்ன செய்தது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.